தண்ணீரில் போட்டுப் பார்த்த துணி

ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் என்னை இன்னும் 'காயாத துணிக்காரி' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. நான் கடந்து போன பிறகு, காதில் விழும் தூரத்தில் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இப்போதெல்லாம், இவர்களுக்குப் பாதிதான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். முழுசும் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், என் அண்ணன், ஊரை ஒட்டிய ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கிற என் பள்ளித் தோழி. மூன்று பேரும் இப்போது ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசுவதில்லை.

எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய நாளில் அப்பா நடத்திய கடை. சுரங்கத்தை மூடியபோது நான் கல்லூரியில் இருந்தேன். அதற்கப்புறம் பட்டும் வேட்டியும் போய், பள்ளிச் சீருடை, நைட்டி, பாவாடைத் துணி என்று கடை சுருங்கிப் பிழைத்தது. அப்பா போன பிறகு அண்ணன் எடுத்து நடத்தினார். நான் ஜவுளிப் படிப்புப் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சேர்ந்தேன். பதினைந்து வருஷம். துணி தேர்வு செய்யும் பிரிவு. பூவும் சரிகையும் இல்லாத சாதாரண உடுப்புகளுக்கு, அதாவது வெறும் பனியன் சட்டை, நேர் குர்தா, கால்சட்டை மாதிரியானவற்றுக்கு, நூல் பார்த்து, நெசவு பார்த்து, துணி எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆபீசுக்கும் போடலாம், வீட்டிலும் போடலாம், அதையே போட்டுக்கொண்டு ஊருக்கும் போகலாம். அப்படிப்பட்ட துணி.

கடைசி ஐந்தாறு வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் மண்ணுக்குக் கேடில்லாத துணி கேட்டார்கள். பூச்சிமருந்து போடாமல் விளைந்த பருத்தி, சணல் கலந்த நூல், லினன், பழைய துணியைக் கிழித்துத் திரும்ப நூற்ற நூல். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. கம்பெனி அந்தப் பிரிவையே இழுத்து மூடியபோது, கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரி, இரண்டு சூட்கேஸோடும் அந்தத் திமிரோடும் ஊருக்கு வந்து இறங்கினேன்.

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. "வா பாப்பா, கடையில ஒக்காரு" என்றார். பத்து நாள் உட்கார்ந்தேன். அலமாரி முழுக்க பாலியஸ்டர். தொட்டாலே விரல் கூசியது. முன்பக்கக் கண்ணாடி அலமாரியை எனக்குக் கொடு என்று கேட்டேன். நைட்டிகளை எடுத்து உள்ளே தள்ளிவிட்டுக் கொடுத்தார். நான் நாலு விதமான உடுப்புத் தைக்கக் கொடுத்து, வெள்ளை, சாம்பல், நீலம் என்று மூன்றே நிறத்தில் அடுக்கினேன். எதை எதோடு போட்டாலும் பொருந்தும். வாங்க வருகிறவர்களிடம், பாலியஸ்டர் என்பது பிளாஸ்டிக், பெட்ரோல் எடுக்கிற எண்ணெயிலிருந்தே வருகிறது, துவைக்கத் துவைக்க அதன் இழை உதிர்ந்து தண்ணீரில் கலக்கிறது என்று விளக்கம் சொல்வேன். பொறுமையாகக் கேட்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள். போய்விடுவார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் மனசில் இருந்ததைச் சொன்னார்: "பூவு கீவு ஒண்ணும் இல்லியாம்மா? சாவு ஊட்டுக்குப் போட்டுகினு போற துணி மாரி இருக்குதே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழி வந்தாள். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் அப்பா சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். அவள் பதினாலு வருஷமாக மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு கார்மெண்ட்ஸில் செக்கராக இருக்கிறாள். தைத்து வரும் உடுப்புகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை. கடைக்கு வந்தவள் விலையைக் கேட்கவில்லை. ஒரு சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள், தையலை இழுத்துப் பார்த்தாள், துணியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாப்பதாம் நம்பர் நூலா?"

"ஆமா. நல்லா சீவி எடுத்த பஞ்சு."

"தெரியுது. முடிச்சே இல்ல."

இந்த ஊரில் இப்படி என்னோடு பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீ வாங்கி வரச் சொன்னேன். அவள் சட்டையை மடித்து வைத்தபடி சொன்னாள்:

"துணியில குத்தம் சொல்ல முடியாதுடி. ஆனா எப்ப காயும் இது?"

"வெயில்ல போட்டா ரெண்டு மணி நேரம்."

"வெயில் அடிக்கிற நேரத்துல நான் ஊர்லயே இருக்கறதில்லியே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. தண்ணீர் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு தடவை வரும், டிரம்மில் பிடித்து வைக்க வேண்டும். அதில் இரண்டு பக்கெட்டில் துணி முடித்தாக வேண்டும். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் ஒரே அறை. அந்த அறையில் ஒரு கயிறு. அதில் போட்டால் பாலியஸ்டர் விடிவதற்குள் காய்ந்துவிடும், உதறிப் போட்டுக்கொண்டு போகலாம், இஸ்திரி வேண்டாம். இதையெல்லாம் அவள் சண்டை மாதிரி சொல்லவில்லை, நூல் நம்பர் கேட்ட அதே குரலில்தான் சொன்னாள். நான் பதிலுக்கு, அந்தப் பிளாஸ்டிக் இழை மீனுக்குள்ளே போகிறது, நம் உடம்புக்குள்ளே வருகிறது என்று ஆரம்பித்தேன்.

டீயைக் குடித்து முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க ஊட்ல மொட்ட மாடி இருக்குதுடி" என்றாள். நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி அலமாரி ஓடாததால்தான் பள்ளிக்கூட யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு வருஷா வருஷம் எங்கள் கடையில்தான் சீருடை தைத்துக் கொடுத்தோம். டெரிகாட்டன் துணி. பேருக்குத்தான் காட்டன், முக்கால்வாசி பாலியஸ்டர். பள்ளியின் தாளாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். மரம் நடுகிறவர், பிளாஸ்டிக் டப்பாவில் சோறு கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டவர். அவர் மேசையில் ஒரு தட்டை வைத்து, பழைய சீருடையிலிருந்து உருவிய நூலைத் தீக்குச்சியால் கொளுத்திக் காட்டினேன். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. பருத்தி நூலைக் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானது, ஊதினால் பறந்தது. வியாபாரத்துக்கு வந்தவர்களிடம் பதினைந்து வருஷமாக நான் காட்டிய வித்தை அது. தவறியதே இல்லை.

"இதையா நம்ம பிள்ளைங்க ஒடம்பில போட்டுக்கிட்டிருக்காங்க?" என்று அந்தக் கறுப்பு மணியை நகத்தால் நெருடிக்கொண்டே கேட்டார். அன்றைக்கே சம்மதித்துவிட்டார்.

அண்ணன் எதிர்ப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது, "உன் இஷ்டம் பாப்பா. படிச்சவ நீ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மில்லில் சொல்லி, சாயம் ஏற்றி, மே மாதம் நடுவில் துணி வந்து இறங்கியது. வெள்ளை பாப்ளின், சாம்பல் நிறத்தில் கெட்டித் துணி. மூட்டையைப் பிரித்தபோது அந்தப் புதுப் பருத்தி வாசனை கடை முழுக்கப் பரவியது. அன்று மத்தியானமே, தொழில் பழக்கம், ஒரு முழத் துண்டு வெட்டி, பேனாவால் சதுரம் வரைந்து, அளந்து வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் பக்கெட்டில் ஊறவைத்தேன். துவைத்தேன். காயவைத்தேன். மூன்று தடவை.

மூன்றாவது தடவை டேப்பை வைத்தபோது சதுரம் சதுரமாக இல்லை. நீளத்தில் இரண்டு விரல் போயிருந்தது, அகலத்தில் ஒரு விரல். மில்லிலேயே ஆவி கொடுத்து இயந்திரத்தில் ஓட்டிச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள். போன் போட்டேன். "திருப்பி அனுப்புங்க மேடம், ஓட்டித் தந்துடுறோம். ஆனா ஜூன் முடிஞ்சிடும்" என்றார் அந்தப் பக்கத்திலிருந்தவர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பள்ளி திறக்க மூன்று வாரம்கூட இல்லை. தாளாளரிடம் சொன்னால், சரிம்மா, இந்த வருஷம் பழைய துணியே இருக்கட்டும் என்பார். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷமும் கிடையாது. ஊரே சிரிக்கும். அண்ணன் சிரிக்காமல் இருப்பார், அது இன்னும் மோசம். நான் அந்தத் துண்டை மடித்து, உள்ளறையில் ஹேங்கர் போட்டு வைக்கிற அட்டைப்பெட்டிக்கு அடியில் சொருகினேன். தையல்காரரிடம், "எல்லாத்துக்கும் கீழ மடிப்பு ரெண்டு இஞ்சு கூட வெச்சிடுங்க" என்றேன்.

"எதுக்கும்மா?"

"பிள்ளைங்க வளர்றாங்களே."

கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் விடலாம். மார்பிலும் கையிலும் எதைப் பிரித்து விடுவது? அது எனக்குத் தெரியாத விஷயமா?

இரண்டு நாள் கழித்துத் தோழி மகளோடு வந்தாள். பெண் ஒன்பதாவதுக்குப் போகிறாள். அளவு எடுக்க வேண்டும். நான்தான் டேப்பை எடுத்தேன். தோழி புதுத் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, தொழில்காரி கேட்க வேண்டியதைக் கேட்டாள்:

"தண்ணியில போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்ப சரி" என்றாள். "ட்ரெய்ன்ல எல்லாரும் என்னத்தான் கேட்டுகினு இருக்காங்க. நீ செக்கராச்சே, இந்தத் துணி எப்டி, நம்பி வாங்கலாமான்னு. நம்ம ஃப்ரெண்டு கடைதான், தைரியமா வாங்குங்கன்னு சொல்லிட்டேன்."

பெண்ணின் மார்பளவை எழுதப் போனபோது கை தயங்கியது. ஓர் அங்குலம் கூட்டி எழுதலாமா என்று. கூட்டினால் தோழி பார்த்துவிடுவாள், ஏன் என்பாள். சரியான அளவையே எழுதினேன். நான் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு பொய் வாயிலிருந்து தெரியாமல் விழுந்துவிடலாம். இது பென்சிலைப் பிடித்து நிதானமாக எழுதியது.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் நாள் வரிசையாகப் பிள்ளைகள் புதுச் சீருடையில் நின்றபோது தாளாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வருஷம் தூறல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பெரிய மழை கிடையாது. நாள் முழுக்க ஊசி ஊசியாக, வெயிலே இல்லாமல், குளிர்காற்றோடு. முதல் துவையலில் துணி சுருங்கியது. இரண்டாம் துவையலில் இன்னும் கொஞ்சம். காயவும் இல்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் தும்மினார்கள். வகுப்பறைகளில் ஒருவிதப் பூஞ்சை நாற்றம் வருகிறது என்று ஒரு டீச்சர் கடைக்கே வந்து சொன்னார். ஆடிக் காற்று ஆரம்பித்ததும், வெளியே கயிறு கட்டியவர்களின் துணியில், தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து மண் பறந்து வந்து ஒட்டியது. ஈரத் துணியில் ஒட்டிய அந்த மண் போவதில்லை. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் சாம்பல் நிறமாகின.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தாள் எழுதி, நகல் எடுத்து, பள்ளியில் விநியோகம் பண்ணச் சொன்னேன். குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைக்கவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக உலர்த்தவும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடவும். புத்தகத்தில் இருக்கிறபடி எல்லாம் சரி. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறுகிறவளுக்கு, இரண்டு பக்கெட் தண்ணீரில் நாலு பேர் துணியை முடிக்கிறவளுக்கு நான் எழுதிக் கொடுத்தேன், நிழலில் காற்றோட்டமாக உலர்த்து என்று.

ஒரு நாள் காலை கடைக்கு வரும் வழியில் தோழியின் மகள் எதிரே வந்தாள். புத்தகப் பையை முதுகில் போடாமல் முன்பக்கம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உடுப்பின் கை முழங்கைக்கு மேலே ஏறிப் போயிருந்தது. அக்குளில் தையல் விரிந்து நூல் தெரிந்தது.

"இஸ்கூல் எப்டி போவுது?" என்று கேட்டேன்.

"நல்லாக்குது ஆன்ட்டி" என்றாள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டு சுவரோரமாகவே நடந்து போனாள். ஒன்பதாவது படிக்கிற பெண் அப்படி நடப்பதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். கடைக்கு வந்து அவள் அளவு எழுதிய நோட்டைப் புரட்டினேன். மூடி வைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் நாலு நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. ஹாலில் பெண்கள்தான் அதிகம். பாதிப் பேர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள். என்னை மேடையில் ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார் தாளாளர். அண்ணன் கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்தார்.

"வெளிய போட்டா சைனைட் மண்ணு, உள்ள போட்டா ஈரம். நாங்க எங்க மேடம் காய வெக்கறது?" என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். இன்னொருத்தி தன் பையனின் சட்டையைக் கொண்டு வந்து மேடையில் என் முன்னால் போட்டாள். "ஆறாவது படிக்கிறான். நாலாவது படிக்கிற புள்ள சட்ட மாரி இருக்குது பாருங்க."

நான் எழுந்தேன். தப்புதான் என்று சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். என் வாய் வேறு பேசியது. மில்லில் ஏதோ கோளாறு, நான் கொடுத்த தாளில் இருப்பதுபோல் துவைத்தால் இவ்வளவு சுருங்காது, சூடு தண்ணீரில் போட்டிருப்பீர்கள் என்று.

அப்போது தோழி எழுந்தாள். நடுவரிசை. அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவளுடைய ரயில்காரிகள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "நீ தண்ணியில போட்டுப் பாத்தேன்னு என்னாண்ட சொன்ன. நெஜமா பாத்தியா?"

"பாத்தேன்."

"சுருங்குச்சா, இல்லியா?"

கூரைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. அவள் என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது மாதிரிதான் பார்த்தாள். அப்படித்தான் எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் தாளாளர் பக்கம் திரும்பி, "மில்லுக்கு எழுதியிருக்கேன் மேடம்" என்றேன்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் உரக்கவே சொன்னாள்: "நீதானக்கா வாங்கச் சொன்ன? ஃப்ரெண்டு கடைன்னு எங்களுக்குச் சொல்லி வித்தியா?" தோழி உட்காரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, வரிசையில் எல்லாருடைய முழங்காலையும் தாண்டி வெளியே போனாள்.

அந்த நேரத்தில்தான் கதவோரத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. "எல்லாரும் கேளுங்கம்மா. எங்க கடை மேல நீங்க வெச்ச நம்பிக்கைக்கு நான் பொறுப்பு. பழைய டெரிகாட்டன் துணி கடையில ரெடியா இருக்குது. திங்கக்கெழமையில இருந்து பாதி வெலைக்குத் தெச்சித் தரேன்."

கை தட்டினார்கள். தாளாளர்கூடத் தட்டினார். எனக்கு முதலில் நன்றியாகத்தான் இருந்தது. அப்புறம், மேடையில் கிடந்த அந்தச் சிறுத்த சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த வார்த்தை உறைத்தது. ரெடியா இருக்குது.

அத்தனை பிள்ளைகளுக்கும் துணி எப்படி ரெடியாக இருக்கும்?

கடைக்கு வந்ததும் மாடி கோடவுனுக்கு ஏறிப் பார்த்தேன். சுவரோரம் முழுக்க அடுக்கியிருந்தது. வெள்ளையும் சாம்பலும். மேலே தூசி படிந்திருந்தது. அன்றைக்கோ முந்தின நாளோ வந்த துணியில் அவ்வளவு தூசி இருக்காது. கீழே வந்து கேட்டேன்.

"எப்ப வாங்கின இத?"

"ஏப்ரல்ல."

"நான் தோத்துடுவேன்னு ஏப்ரல்லயே தெரியுமா உனக்கு?"

"மழ வரும்னு தெரியும்" என்றார். "நம்ம ஊரு ஜனம் எப்ப துணி தொவைக்கும்னு தெரியும். முப்பது வருசமா விக்கறேன் பாப்பா."

"அப்ப ஏன்ணா சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

அவர் உள்ளறைக்குள் போய், ஹேங்கர் பெட்டிக்கு அடியிலிருந்து நான் மடித்து வைத்த துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். கல்லாவின் மேல் விரித்தார். பேனாவால் போட்ட சதுரம், பக்கத்தில் என் கையெழுத்தில் அளவு, மூன்று தடவையும்.

"இது மே மாசத்துலயே என் கையில மாட்டிச்சு. ஹேங்கர் தேடும்போது. நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன். சொல்லல. சரி, நம்ம பாப்பாவும் யாவாரம் கத்துக்கிச்சுன்னு நெனச்சேன்."

"அத்தன பிள்ளைங்க..."

"அத நீ சொல்லாத" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நீயும் தெரிஞ்சிதான் வித்த. நானும் தெரிஞ்சிதான் பாத்துகினு இருந்தேன். எனக்கு யாவாரம், உனக்குப் பேரு. அவ்ளோதான்."

நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அண்ணன் செய்தது கேவலம். தங்கை கழுத்தளவு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கரையில் ஓடத்தைத் தயாராக வைத்திருந்து வாடகைக்கு விட்டவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் கடையில் கூட்டம். நான் கடைக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும், மீதமிருந்த பருத்தித் துணியை நானே மூன்று தடவை வெந்நீரில் போட்டுச் சுருக்கிக் காயவைத்து, இரண்டு செட், தாராளமாக அளவு விட்டுத் தைக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டனுக்கு எடுத்துப் போனேன்.

தோழி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. உள்ளே கயிற்றில் மகளின் டெரிகாட்டன் சீருடைக் குர்தா தொங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது.

"துணி கொண்டாந்தேன்" என்றேன். "இது சுருங்காது. நானே பாத்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு இஸ்கூலுக்குப் போறா. கவலப்படாத. நாலு நாள் போவல, இப்ப போறா."

"என்ன மன்னிச்சிடுடி."

"ட்ரெய்ன்ல எனக்கு எடம் போட்டு வெப்பாங்க தெரியுமா?" என்று கேட்டாள், நான் சொன்னது காதில் விழாத மாதிரி. "பதினாலு வருசம். நான் கடைசி நிமிசத்துல ஓடி வருவேன், அவங்க கர்ச்சீப் போட்டு வெச்சிருப்பாங்க. இப்ப போடறதில்ல. நின்னுகினு போறேன். ரெண்டு மணி நேரம் நின்னுகினு போயி, அங்க போயி நாள் பூரா நின்னுகினு செக் பண்றேன். கமிசன் வாங்கினவன்னு என் பின்னால பேசறாங்க. நீ உண்மைய சொல்லியிருந்தாலும் அந்தத் துணி சுருங்கத்தான் சுருங்கும். அது பரவால்ல. துணின்னா சுருங்கும். நானே அவங்களுக்குச் சொல்லியிருப்பேன், ஒரு சைஸ் பெருசா தெச்சிக்குங்கன்னு."

அவ்வளவுதான். அவ்வளவு எளிதாக முடிந்திருக்கும். ஒரு சைஸ் பெரிதாக.

பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் அது கடைக்குத் திரும்பி வந்தது, யாரோ கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று அண்ணி சொன்னார். மிச்சம் இருந்த பருத்தி மூட்டைகளை அண்ணன் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிரீஸ் துடைக்க விற்றுவிட்டார். நன்றாக உறிஞ்சும் என்று திரும்பவும் வந்து கேட்கிறார்களாம். கண்ணாடி அலமாரியில் நைட்டி வந்துவிட்டது.

நான் பருத்தியைக் குறை சொல்ல மாட்டேன். பாலியஸ்டர் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கறுப்பு மணி உண்மைதான், தண்ணீரில் உதிர்கிற இழையும் உண்மைதான். ஆனால் மண்ணைக் காப்பாற்றுகிற பாரத்தை, வீட்டில் இரண்டு பக்கெட் தண்ணீரும் ஒரு கயிறும் இருக்கிறவள் தலையில் ஏற்றி வைக்க எனக்கு எப்படி அவ்வளவு சுலபமாக மனசு வந்தது என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். பெங்களூரில் எனக்குத் துவைக்க இயந்திரம் இருந்தது, காயவைக்க மாடி இருந்தது, இஸ்திரிக்காரர் வாசலுக்கே வருவார். அதையெல்லாம் வைத்துக்கொண்டு எளிமையைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன்!

அந்த வருஷக் கடைசியில் பெங்களூரில் ஒரு துணிக் கிடங்கில் வேலை கிடைத்தது. முன்பு இருந்த சம்பளம் இல்லை. தினமும் போய் வருகிறேன். அதே முதல் ரயில். முதல் மாதம், தோழி ஏறுகிற பெண்கள் பெட்டியை விட்டு வேறு பெட்டியில் ஏறினேன். ஒரு நாள் அந்தப் பெட்டி நிரம்பிவிட்டதால் பெண்கள் பெட்டியில் ஏற வேண்டியதாகிவிட்டது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரயில் கிளம்பும்போது தோழி ஓடி வந்து ஏறினாள். என் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். "ஒக்காருடி" என்றேன்.

அதற்கப்புறம் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் திரும்பி, கூடையோடு நின்றுகொண்டிருந்த பூக்காரம்மாவிடம், "இங்க எடம் இருக்குது, நீங்க ஒக்காருங்கக்கா" என்றாள். அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பங்காரப்பேட்டை வரைக்கும் நானும் அவளும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கே கூட்டம் ஏறியது. தள்ளலில் அவள் கதவுப் பக்கம் போய்விட்டாள், நான் உள்ளே தள்ளப்பட்டேன்.